குழு ஓட்டத்தை லீட் பண்ணப் போகிறீர்களா? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் ஓட்டக் கிளப்களில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை லீட் பண்ண முன்வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். சில பதில் நீளமாகப் போகும், சிலது ஒரு வரியோடு நின்றுவிடும். மாரத்தானுக்குப் பயிற்சி அட்டவணை தேடி வந்திருந்தால் மன்னிக்கவும், அது இங்கே இல்லை.

நான் வேகமாக ஓடுகிற ஆள் இல்லை. லீட் பண்ணலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் வேகமாக ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த வேலை கஷ்டம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று முந்தின நாள் குரூப்பில் போட்டுவிட்டு, கால் சூடானதும் ஆறரை நிமிடத்தில் பறக்கிற லீடரை எல்லாக் கிளப்பிலும் பார்க்கலாம். அவர் பின்னால் நாலு பேர் ஒட்டிக்கொண்டு போவார்கள், மீதிப்பேர் வழி தெரியாமல் ஏதாவது ஒரு ஜங்ஷனில் நின்று தேங்காய் வண்டிக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டிருப்பார்கள். லீட் பண்ணுகிற அன்றைக்கு உங்கள் சொந்த ஓட்டம் கணக்கில் கிடையாது. அதற்கு வாரத்தில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது. கடைசியாக வருகிறவர் பத்திரமாகத் திரும்பினாரா என்பதை வைத்துத்தான் உங்கள் அன்றைய வேலை நன்றாக நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

கூட்டமாக ஓடுவது நம் மாவட்டத்துக்கு ஒன்றும் புதுசில்லை. சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் ஆரம்பித்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் 'கோவிந்தா, கோபாலா' என்று கூப்பிட்டுக்கொண்டே விசிறியும் கையுமாகப் போகிற சிவாலய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூறு கிலோமீட்டரை ஒட்டிய அந்தத் தூரத்தில் யார் முதலில் போய்ச் சேர்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை. களைத்தவர் உட்காருவார், கூட வந்தவர் காத்திருப்பார், வழியில் ஊர்க்காரர் மோரும் கஞ்சியும் கொடுப்பார்கள். நமக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் போதும்.

எத்தனை பேருக்கு எத்தனை லீடர் வேண்டும்?

ஐந்து பேர் வந்தாலும் இரண்டு பேர் வேண்டும்: முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளை ஸ்வீப்பர் என்கிறோம். பன்னிரண்டு பேரைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இது சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கு மேல் போனால் இருட்டில் தலையை எண்ணி முடிப்பதற்குள் இரண்டு பேர் முன்னால் ஓடிவிடுகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் ஸ்வீப்பர் வேலையைத் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். உண்மையில் அனுபவம் அதிகம் உள்ளவர்தான் கடைசியில் வர வேண்டும். மயக்கம், சுளுக்கு, வயிற்றுப் பிரட்டல் எல்லாம் பெரும்பாலும் பின்னால்தான் நடக்கும். போன், முதலுதவிப் பை, கொஞ்சம் சில்லறைப் பணம் மூன்றும் ஸ்வீப்பரிடம் இருக்கட்டும். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்தால் போதும்.

ரூட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மேப்பைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள். மேப்பில் அழகான பச்சைப் பாதையாகத் தெரிகிறது நேரில் போனால் யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பாக இருக்கும், கேட்டில் நாய் இருக்கும். ஒருமுறையாவது அதே கிழமை, அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். புதன்கிழமை சாயங்காலம் பைக்கில் போய்ப் பார்த்த ரோடும் ஞாயிறு காலை ஐந்தரை மணி ரோடும் வேறு வேறு.

நம் ஊரில் அந்த நேரத்தில் யார் ரோட்டில் இருப்பார்கள் என்று யோசியுங்கள். தோவாளைப் பக்கம் என்றால் பூச்சந்தைக்கு வருகிற வேன்கள் விடியுமுன்னே ஓடிக்கொண்டிருக்கும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கத்திலிருந்து மீன் பெட்டியோடு வருகிற பைக்கும் வேனும் எங்கேயும் நிற்காது, நிற்கவும் அவர்களால் முடியாது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பைக்கில் வருவார்கள். கல், எம்சாண்ட் ஏற்றின டாரஸ் லாரி போகிற ரோடாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வேறு ரூட். கடற்கரை ஊர்களில் ஞாயிறு காலைத் திருப்பலிக்கு ஆட்கள் குடும்பமாக நடந்து வருவார்கள், திருவிழாக் காலத்தில் பந்தல் போட்டு ரோட்டையே அடைத்திருப்பார்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம் மாதிரி நாட்களில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

சானல்கரை, அதாவது பாசனக் கால்வாய்க் கரை, நல்ல இடம். நிழல் இருக்கும், வண்டி குறைவு, தண்ணீர் ஓடினால் குளுமை. ஆனால் பல இடத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது, விளக்கும் கிடையாது, கரையில் புல் வளர்ந்து கிடக்கும். அதனால் வெளிச்சம் வந்த பிறகுதான் சானல்கரை.

நான்குவழிச் சாலை காலையில் காலியாகக் கிடக்கிறதே என்று ஆசை வரும். வேண்டாம். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிற டிரைவர்கள் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் கண் அசருவார்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஓடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 115 அடி உயரத்தில் ஒடுக்கமான நடைபாதை, எதிரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா வந்தவர்கள். நடந்து போய்ப் பார்த்துவிட்டு, கீழே வந்து ஓடுங்கள்.

வேகம் வேறு வேறாக இருக்கிறவர்களை ஒன்றாக எப்படி ஓட்டுவது?

இதற்கு எனக்குப் பிடித்த வழி நேரத்தை வைத்து ஓடுவது. எல்லாரும் ஒரே ரோட்டில் இருபது நிமிடம் போகிறோம், விசில் அடித்ததும் நின்ற இடத்திலேயே திரும்பி வந்த வழியே வருகிறோம். இப்போது கடைசியில் இருந்தவர் முன்னால் வந்துவிடுவார், வேகமானவர் பின்னாலிருந்து அவரைப் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேருவார்கள், யாரும் தனியாக விடப்பட்ட மாதிரி நினைக்க மாட்டார்கள். விசில் கேட்காத தூரத்துக்கு ஆள் பரவிப் போனால் எல்லாரும் வாட்சைப் பார்த்துத் திரும்பட்டும். ஸ்வீப்பர் மட்டும் மற்றவர்கள் எல்லாரும் தன்னைத் தாண்டும் வரை நின்று, கடைசி ஆளோடு சேர்ந்துகொள்ள வேண்டும். இதை மறந்தால் திரும்பி வரும்போது பின்னால் ஆளே இல்லாமல் போய்விடும்.

சுற்றி வருகிற ரூட் என்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது. கடைசி ஆள் வந்ததும் அவரும் ஒரு நிமிடம் மூச்சு வாங்கட்டும். முன்னால் வந்தவர்கள் மூன்று நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு, பாவம் அவர் வந்து சேர்ந்ததும் 'சரி, போலாம்' என்று கிளம்புவது பெரிய அநியாயம்.

எந்த வேகம் சரி என்று கேட்டால், மூச்சு இரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். முடியவில்லை என்றால் அவர் தன் சக்திக்கு மீறி ஓடுகிறார் என்று அர்த்தம், வாட்சில் என்ன காட்டினாலும் சரி.

ரோட்டில் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

வலது பக்கம், எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டியை யாராலும் பார்க்க முடியாது.

விதிவிலக்கு வளைவுகள். நம் கிராமத்து ரோட்டில் இரண்டு பக்கமும் மதில், வளைவில் அரசு பஸ் வந்தால் ஒதுங்க ஓரமே கிடையாது. வலப்பக்கமாகத் திரும்புகிற வளைவில் உள்பக்கம் ஒட்டி ஓடினால் எதிரே வருகிற டிரைவருக்கு நீங்கள் கடைசி நொடி வரை தெரிய மாட்டீர்கள். அப்படிப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, எல்லாரும் சேர்ந்து இடப்பக்கம் மாறி, வளைவு தாண்டியதும் அதே மாதிரி திரும்பவும் மாறிக்கொள்ளுங்கள். பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம் என்று ரோட்டை நடுவில் விட்டு ஓடுவதுதான் ரொம்ப ஆபத்து. வண்டிக்காரர் எந்தப் பக்கம் ஒதுங்குவார்?

ஒடுக்கமான ரோட்டில் ஒற்றை வரிசை. 'முன்னால வண்டி', 'பின்னால வண்டி', 'குழி' என்று பார்க்கிறவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், கேட்டவர் அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். முதல் நாள் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

ஹெட்போன்?

குழு ஓட்டத்தில் வேண்டாம். பேச்சே இல்லை.

எத்தனை மணிக்குத் தொடங்கலாம்? லைட் வேண்டுமா?

இங்கே மே கடைசியில் ஆறு மணியளவில் சூரியன் உதிக்கும், ஜனவரி கடைசியில் 6.40 ஆகிவிடும். உதயத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே ஓரளவு கண் தெரியும். அதாவது ஐந்து மணி ஓட்டம் வருஷம் முழுக்க இருட்டு ஓட்டம்தான், மே மாதமாக இருந்தாலும். ஐந்து மணிக்குத்தான் முடியும் என்றால் விளக்கு எரிகிற ரோட்டிலோ அண்ணா ஸ்டேடியத்திலோ முதல் அரை மணி நேரத்தை ஓட்டிவிட்டு, விடிந்ததும் வெளியே போங்கள்.

இருட்டில் கறுப்பு டீஷர்ட் போட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்ப மனம் வராது, தெரியும். அதனால் ஒளிரும் பட்டை போட்ட ஜாக்கெட் இரண்டு மூன்று கூடுதலாகக் கையில் வைத்திருங்கள், பெரிய விலை இல்லை. முன்னால் போகிறவருக்கு வெள்ளை லைட், ஸ்வீப்பர் முதுகில் சிவப்பு லைட்.

தொடங்கும் முன் என்ன சொல்ல வேண்டும்?

இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படிச் சொன்னால் போதும்:

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஆறு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம், அதுக்கு மேல வேகம் இல்ல. முன்னால நான், கடைசியில அக்கா. எனக்கு முன்னால யாரும் போகக்கூடாது, அக்காவுக்குப் பின்னால யாரும் நிக்கக்கூடாது. பாதியில வீட்டுக்குப் போறவங்க எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. உடம்புக்கு ஏதாவது இருந்தா இப்பவே தனியா வந்து சொல்லுங்க. பதினோரு பேர் இருக்கோம்."

அந்தக் கடைசி வரி முக்கியம். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னால் எல்லாருக்கும் மனதில் நிற்கும், நீங்கள் மறந்தாலும் வேறு யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்ப எண்ணுங்கள்.

புதிதாக வருகிறவரிடம் உடல்நிலை பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?

எல்லார் முன்னாலும் கேட்டால் நினைப்பார்கள். தனியாகக் கேளுங்கள்: நெஞ்சுவலி, பிரஷர், சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா உண்டா, ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா, அவசரத்துக்கு வீட்டில் யாருக்குப் போன் பண்ண வேண்டும். அந்த நம்பர் ஸ்வீப்பர் போனில் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே நெஞ்சு அழுத்துகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறது என்கிறவர் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஓட வரலாம். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர் வெறும் வயிற்றில் ஓடும்போது கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால், சுயநினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. முதலுதவிப் பையில் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்க வேண்டும், கட்டுத்துணியை விட அதுதான் அடிக்கடி தேவைப்படும்.

"நீங்க போங்க, நான் மெதுவா வந்துடுவேன்" என்று ஒருவர் சொன்னால்?

போகாதீர்கள். நம் ஊரில் வயதில் மூத்தவர் இப்படிச் சொன்னால் மறுத்துப் பேசத் தயங்குவோம், அண்ணாச்சி சொல்லிவிட்டாரே என்று. மரியாதையாகவே, 'இல்ல அண்ணாச்சி, எனக்கும் இன்னைக்கு நடக்கணும் போல இருக்கு' என்று சொல்லிக் கூடவே நடங்கள். பொய்தான், பரவாயில்லை.

உண்மையிலேயே முடியவில்லை என்றால் பக்கத்துக் கடையில் உட்கார வைத்து, ஒருவரைத் துணைக்கு விட்டு, பைக்கோ ஆட்டோவோ வரவழையுங்கள். அந்தச் சில்லறைப் பணம் இதற்குத்தான்.

தெருநாய்?

எல்லாரும் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். ஓடுகிற காலைத்தான் அது துரத்தும். சேர்ந்து நில்லுங்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், கல்லைத் தூக்காதீர்கள், முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து தொல்லை என்றால் ரூட்டை மாற்றுங்கள், நாயோடு போட்டி போட்டு என்ன ஆகப் போகிறது?

கடித்துவிட்டாலோ பல் பட்டுத் தோல் கீறினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்றால் நிஜமாகவே பதினைந்து நிமிடம், மணி பார்த்து. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இலவசம். முதல் நாள் ஊசி போட்டுவிட்டு மீதியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய, அடுத்த தேதிகளுக்கும் போனாரா என்று கேட்பதும் லீடர் வேலைதான். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடுகிற வேறு ஊசியும் தேவைப்படும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து கிடையாது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மதுரை, திருநெல்வேலி அளவுக்கு இங்கே வெயில் இல்லையே, பிறகு ஏன் வெப்பத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு?

வெயில் குறைவுதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடலோரத்தில் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், ஆவியாகாது. அதிலும் காற்றில் ஈரப்பதம் மிக அதிகமாக இருப்பது விடியற்காலையில்தான், சூரியன் வராத நேரத்தில்கூட உடம்பு உள்ளே கொதிக்கலாம். மார்ச் முதல் மே வரை வேகத்தைக் குறைத்துத் தூரத்தையும் குறையுங்கள்.

ஒருவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், 'உட்காருங்க' என்றதற்குச் சண்டைக்கு வந்தால், அது வெறும் களைப்பு இல்லை. ஓட்டத்தில் வருகிற வெப்பத்தாக்கில் உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், தோல் வறண்டிருக்க வேண்டும் என்றில்லை, வியர்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுக் கிணறோ பம்ப்செட்டோ குழாயோ எது கிடைத்தாலும் தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே, துண்டை வைத்து விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும். குளத்தில் இறக்க வேண்டாம், நினைவு தப்பினால் முங்கிவிடுவார். நம் ஊரில் இப்படி ஒரு நிலைமையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் குடத்தோடு ஓடி வருவார்கள், கூச்சப்படாமல் தட்டுங்கள்.

ஒருவர் திடீரென்று விழுந்து மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சாதாரணமாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுக் கேவுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதை மூச்சு என்று நினைத்து நிறையப் பேர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒருவர் 108-க்குப் பேசட்டும், ஒருவர் ஜங்ஷனில் போய் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும். இந்த இரண்டாவது ஆளை எல்லாரும் மறந்துவிடுவார்கள், '-விளை' என்று முடிகிற பத்து ஊர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

நீங்கள் மண்டியிட்டு, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே இன்னொரு கையைக் கோர்த்து, முழங்கையை மடக்காமல் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுக்க மேலே வரட்டும். இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும், ஆள் மாறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக்கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இதைப் படித்தால் மட்டும் வராது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பொம்மையில் அழுத்திப் பழக வேண்டும், அதை உங்கள் கிளப்பில் வற்புறுத்திக் கேளுங்கள்.

ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கப் போனால் கேஸ், கோர்ட்டு என்று அலைய விடுவார்கள் என்கிற பயம் இன்னும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தாகம் எடுத்தால் குடித்தால் போதும். தாகமே இல்லாமல் லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்வதும் கெடுதல், ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். அதற்கு மேல் நீள்கிற ஓட்டம் என்றால் ஓஆர்எஸ், அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். முடிந்ததும் மட்டி வாழைப்பழமும் மோரும் இருந்தால் வேறு எந்த விலை கூடின பொடியும் தேவையில்லை என்பது என் கட்சி. பிளாஸ்டிக் கப் வேண்டாம், அவரவர் டம்ளரைக் கொண்டு வரட்டும்.

மழை பெய்தால் ரத்து செய்ய வேண்டுமா?

வெறும் மழைக்கு வேண்டாம். இரண்டு பருவமழையையும் வாங்குகிற மாவட்டம் இது, மழைக்கெல்லாம் ரத்து செய்தால் ஜூனிலிருந்து டிசம்பர் வரை கிளப்பை மூட வேண்டியதுதான்.

இடிக்கு ரத்து. இடிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தால் மின்னல் விழுகிற தூரத்திலும் இருக்கிறீர்கள். கடற்கரை, வயல், குளத்தங்கரை மாதிரி வெட்டவெளியிலிருந்து கட்டடத்துக்குள் போங்கள், தென்னைமரத்தடிக்குப் போகாதீர்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். ஏப்ரல், மே, அக்டோபர் சாயங்கால ஓட்டங்களுக்கு இதை முன்னாலேயே யோசித்து, எந்த இடத்தில் ஒதுங்கலாம் என்று ரூட்டிலேயே குறித்துவையுங்கள்.

காற்றும் நம் பக்கம் தனிக் கதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தப் பக்கம் ஓடினால் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று இருக்கிற மாதிரித் திட்டமிடுங்கள், களைத்த பிறகு எதிர்காற்றில் யாரையும் ஓட விடாதீர்கள். காற்று நாளில் தோப்பு ரூட்டும் வேண்டாம், தேங்காய் விழுந்தாலும் மட்டை விழுந்தாலும் தலைக்கு ஒன்றுதான். பெருங்காற்று அடித்த மறுநாள் ரோட்டில் ஒயர் கிடந்தால் தாண்டிப் போகாமல் அப்படியே திரும்பி, மின்வாரியத்தின் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால்?

கடிபட்டவர் அதற்கப்புறம் ஓர் அடிகூட நடக்கக்கூடாது. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடிப் போகாதீர்கள். காலை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு, ஷூ எல்லாவற்றையும் கழற்றி, 108-ல் விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு. நாட்டு வைத்தியம் என்று யாராவது வழியில் மறித்தால் காது கொடுக்காதீர்கள்.

சொத்தவிளையில் ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் கடலில் குளிக்க ஆசைப்படுகிறார்கள். விடலாமா?

கிளப் நிகழ்ச்சியாக வேண்டாம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். கள்ளக்கடலில் வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். பார்த்து முடிவு பண்ண முடியாது என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கடற்கரை ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி அதைப் பார்த்துவிடுங்கள், எச்சரிக்கை இருந்தால் மணலிலும் ஓட வேண்டாம். உள்ளூர் மீனவர்கள் வள்ளம் இறக்கவில்லை என்றால் காரணம் கேளுங்கள், அவர்கள் சும்மா கரையில் இருக்க மாட்டார்கள்.

பெண்கள் வரத் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் கழிப்பறை. ரூட்டில் எந்த இடத்தில் சுத்தமான கழிப்பறை திறந்திருக்கும் என்று பார்த்து, அதைக் குரூப்பிலேயே போட்டுவிடுங்கள். பெட்ரோல் பங்க் பெரும்பாலும் கைகொடுக்கும். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள்.

அப்புறம், லீடர் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் நல்லது. இருட்டில் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர வேண்டிய இடமாகத் தொடங்கும் இடத்தை வைக்காதீர்கள். பைக்கில் போகிறவன் கமெண்ட் அடித்தால் குழு அவரைச் சுற்றி நெருங்கி ஓடட்டும், வண்டி நம்பரைக் குறியுங்கள், தொடர்ந்தால் 112 அல்லது பெண்களுக்கான 181. 'அதையெல்லாம் கண்டுக்காதீங்க' என்று அறிவுரை மட்டும் சொல்லாதீர்கள். போட்டோ, வீடியோ கேட்டுவிட்டுத்தான். ஓடுகிறவரைப் பின்னாலிருந்து எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவரைக் குரூப்பை விட்டே எடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. குழுவுக்குள்ளேயே ஓர் ஆணால் தொல்லை என்று புகார் வந்தால் 'அவர் நல்ல மனுஷன்தான்' என்று ஆரம்பிக்காமல் முழுசாகக் கேளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் வரலாமா?

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ கூட ஓட வேண்டும். கொண்டுவந்து விட்டுவிட்டு டீக்கடையில் உட்காருவது கணக்கில்லை.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுக்குள் ஓடலாமா?

வனத்துறை அனுமதி இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்டாதீர்கள். யானை நடமாடுகிற காடு, போன் சிக்னலும் கிடையாது, ஒருவருக்குக் கால் பிசகினால் தூக்கிக்கொண்டு வருவதைத் தவிர வழியில்லை. மலை ஏறியே ஆக வேண்டும் என்றால் மருந்துவாழ் மலைக்கு விடிந்த பிறகு, சின்னக் குழுவாக, ஏற்றத்தில் நடந்தே போய் வாருங்கள்.

போலீஸ் அனுமதி வேண்டுமா?

வாராவாரம் பத்துப் பன்னிரண்டு பேர் ஓரமாக ஓடுவதற்கு வேண்டியதில்லை. பனியன் அடித்து, மைக் வைத்து, ரோட்டை மறித்து நடத்துகிற போட்டி என்றால் கட்டாயம் வேண்டும், ஆம்புலன்ஸும் நிற்க வேண்டும்.

ஓட்டம் முடிந்த பிறகு?

தலையை எண்ணுங்கள். ஸ்வீப்பர் வந்து எண்ணிக்கை சரி என்று சொல்லும்வரை முன்னால் வந்தவர் வண்டியை எடுக்கக்கூடாது. புதிதாக வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். விழுந்தது, நாய் துரத்தியது, லாரி உரசிப் போனது எல்லாவற்றையும் அன்றைக்கே குரூப்பில் எழுதிப் போடுங்கள், அடுத்த வாரம் லீட் பண்ணுகிறவருக்கு ரூட் பார்க்கும் வேலை பாதி குறையும்.

லீட் பண்ண வேண்டிய அன்றைக்கு எனக்கே முடியவில்லை என்றால்?

முந்தின ராத்திரி தெரிந்தால் ராத்திரியே மாற்று ஆளுக்குப் போன் பண்ணுங்கள். மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், அவரும் தூங்கியிருப்பார். காலையில்தான் காய்ச்சல் தெரிகிறது, மாற்று ஆளும் கிடைக்கவில்லை என்றால் ஓட்டம் ரத்து என்று குரூப்பில் போட்டு, வாட்ஸப் பார்க்காத இரண்டு மூன்று பேருக்கு நேரடியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஆசாரிப்பள்ளத்திலிருந்தோ தக்கலையிலிருந்தோ நாலரைக்கு எழுந்து வருகிறவர் ஸ்டேடியம் வாசலில் நின்று திட்டுவதை அது மிச்சப்படுத்தும்.